நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் பிறகு குளிசை: வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பார்மசியில் பதினெட்டு வருடமாக மருந்து கட்டிக் கொடுக்கிறேன். என் அம்மாவுக்கும் கொழும்பில் இதய வால்வு மாற்றினார்கள். அதனால் மருந்து கொடுப்பவளாகவும் இருந்திருக்கிறேன், கிளினிக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற மகளாகவும் இருந்திருக்கிறேன்.

பைபாஸ், வால்வு, ஸ்டென்ட் என்று செய்துவிட்டு வீடு வந்த வயதானவர்களின் பிள்ளைகள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதைக் கிளினிக் டொக்டர்தான் தீர்மானிப்பார். அந்த மருந்தை வீட்டில் விடாமல் போட வைப்பது பற்றித்தான் நான் சொல்கிறேன்.

ஒப்பரேஷன் செய்தாச்சு, அடைப்பும் எடுத்தாச்சு. மறுகா எதுக்கு இவ்வளவு குளிசை?

அடைப்பை எடுக்கவில்லை, முதலில் அதை விளங்கிக்கொள்ள வேண்டும். வாய்க்கால் ஓரிடத்தில் தூர்ந்து போனால் பக்கத்தால் ஒரு கிளை வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவோமே, பைபாஸ் அந்த வேலைதான். தூர்ந்த இடம் தூர்ந்தபடியே கிடக்கிறது. அதைத் தூர்த்த கொழுப்பும் பிரஷரும் சீனியும் சுருட்டும் மாறாவிட்டால் புதுக் கிளையும் தூரும். அதிலும் காலில் இருந்து எடுத்துத் தைக்கும் நாளம், அமைதியாக ஓடும் இரத்தத்துக்குப் பழகியது. இப்போது இதயத்தின் அழுத்தம் முழுவதையும் அது தாங்க வேண்டும். இப்படித் தைத்த நாளங்களில் ஒரு பங்கு முதல் வருடத்திலேயே அடைபட்டுப் போவதுண்டு. அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் அதைத் தடுக்கத் தருபவை.

உலோக வால்வு வைத்தவரின் கதை வேறு. அந்நியமான ஒரு பொருளைத் தொட்டால் இரத்தம் உறையப் பார்க்கும். அப்படி உறைந்த சின்னக் கட்டி வால்வைச் சிக்க வைக்கலாம், மூளைக்குப் போனால் பாரிசவாதமாகவும் முடியலாம். வாஃபரின் அதற்காகத்தான்.

எத்தனை நாளைக்குப் போடணும்? ஆறு மாசம் போதாதா?

அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுவதும். இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல் பலருக்கு ஒரு வருடம் அளவில் நிற்கும், ஆனால் நிறுத்தும் நாளை டொக்டர் சொல்ல வேண்டும். உலோக வால்வுக்கு வாஃபரின் ஆயுளுக்கும் உண்டு. விலங்குத் திசுவால் செய்த வால்வு என்றால் பலருக்கு மூன்று மாதத்தோடு நிறுத்துவார்கள். நோவுக் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்.

அடுத்த கிளினிக்கில் "இதில் எது எப்ப நிற்கும் டொக்டர்?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். எல்லாமே சாகும்வரை என்று நினைத்து மலைத்துப் போய் எல்லாவற்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் குளிசை எதுக்கெண்டு தெரியா. கொப்பியில இங்கிலீசில கிறுக்கி வச்சிரிக்கி.

நேரத்தைக் குறிப்பவை பெரும்பாலும் பழைய லத்தீன் சொற்களும் சுருக்கங்களும். 'மேனே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு. 'பீ.டீ.' இரண்டு நேரம், 'டீ.டீ.எஸ்.' மூன்று நேரம், 'ஈ.ஓ.டீ.' ஒருநாள் விட்டு ஒருநாள், 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும்.

மருந்துகளை ஐந்து கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வாஃபரின் இரத்தம் கட்டாமல் இருக்க. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் கொலஸ்ட்ரோலுக்கு. பிசோப்ரோலோல், அடெனோலோல், கார்வெடிலோல் இதயத் துடிப்பை நிதானமாக்க. எனலாப்ரில், லொசார்டன் பிரஷருக்கும் இதயத்தின் பாரத்தைக் குறைக்கவும். பியூரோசமைட், ஸ்பைரோனோலாக்டோன் உடம்பில் தேங்கும் நீரை இறக்க. கடதாசி உறையின் மேலே "நீர் இறங்க, காலை ஒன்று" என்று தமிழில் தடித்த பேனாவால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தராத மருந்தாளர் குறைவு.

அப்பா குளிசை போட மறந்து போறார். எப்பிடி ஞாபகப்படுத்துற?

உண்மையில் மறக்கிறாரா என்று முதலில் பாருங்கள். நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், பணக்கார நாடுகளில்கூட ஏறக்குறைய பாதிப்பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அத்தனை பேருக்கும் மறதியா? என் அனுபவத்தில், "மறந்துட்டன்" என்பது வயதானவர்கள் பேச்சை முடிக்கச் சொல்லும் சொல். அதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்கும்.

என் அம்மாவின் கதை இது. ஒருநாள் அலுமாரியைத் துடைக்கும்போது பழைய பவுடர் டின் ஒன்று கிலுகிலு என்றது. திறந்தால் வெள்ளைக் குளிசைகள், அத்தனையும் பியூரோசமைட். நான் அந்த மாதம் முழுக்க அம்மாவுடைய கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோபத்தை அடக்கிக்கொண்டு "ஏனம்மா?" என்று கேட்டேன். இரண்டாம் நேரக் குளிசையை நான் வேலை முடிந்து வந்து ஏழு மணிக்குக் கொடுப்பேன். போட்டால் இரவில் நாலு தரம் எழும்ப வேண்டும். எங்கள் கக்கூஸ் வளவின் பின்பக்கம், லைட் இல்லை. ஒருதரம் தேங்காய்மட்டையில் தடக்கி விழப் பார்த்திருக்கிறா, எங்களிடம் சொல்லவில்லை. டொக்டரிடம் கேட்டு அந்தக் குளிசையைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றினோம், பின்வளவில் ஒரு பல்ப் போட்டோம். அதற்குப் பிறகு டின் கிலுங்கவில்லை.

ஆகவே ஏசாமல் கேளுங்கள். "போட்டீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "இதுக்குள்ள எது போடப் புடிக்கல்ல?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வெளியே வரும்.

நாள் பெட்டி வாங்கிக் குடுத்தா சரிவருமா?

உண்மையாகவே மறப்பவருக்கும், எண்ணிக்கையில் குழம்புபவருக்கும் மிக நல்லது. ஏழு நாளும், ஒவ்வொரு நாளுக்கும் காலை, பகல், இரவு என்று அறையும் உள்ள பெட்டி பார்மசிகளில் கிடைக்கும். ஒரே ஆள், வாரத்தில் ஒரே நாளில், கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். இரண்டு பேர் நிரப்பினால் ஒருவர் போட்டதை மற்றவரும் போடுவார். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை மட்டும் பெட்டிக்குள் வேண்டாம், காரணம் பிறகு வருகிறது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அலுமாரிக்குள் வைத்தால் பெட்டியும் மறந்து போகும். எங்கள் வீட்டில் வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மா எதை மறந்தாலும் வெற்றிலையை மறக்க மாட்டா. (டொக்டர் வெற்றிலையையும் விடச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும் என்று நான்தான் விட்டுவிட்டேன்.) காலைத் தேத்தண்ணி, சுபஹுத் தொழுகை, சாமி விளக்கு என்று அவர் ஒருநாளும் தவறவிடாத ஏதோ ஒன்றோடு குளிசையைக் கட்டிவிடுங்கள். கட்டாரில் இருக்கும் மகன் தினமும் எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து, "பெட்டியைக் காட்டுங்க வாப்பா" என்று கேட்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் மூன்று பேரால் முடியாததை அந்தப் பிள்ளை அங்கிருந்து செய்கிறான்.

ஒரு நேரம் விட்டுப்போச்சு. ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?

சேர்த்துப் போடவே கூடாது. கொஞ்ச நேரத்தில் நினைவு வந்தால் போடலாம். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு வழமையான அளவோடு தொடருங்கள். வாஃபரின் என்றால் அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம், மறுநாள்தான் நினைவு வந்தால் விடுங்கள். எந்தத் திகதியில் தவறியது என்று கொப்பியில் குறித்து வையுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு குறைவாக வரும்போது, மருந்து பற்றவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டாமல் இருக்க அந்தக் குறிப்பு உதவும்.

கிளினிக் நாளையில காலைக் குளிசை போடாமத்தானே போகணும்?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஊர் முழுக்க இருக்கிறது. சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால், நிறுத்தி வைக்க வேண்டியது சீனிக் குளிசையையும் இன்சுலினையும்தான். அவற்றைச் சாப்பாட்டோடு எடுக்கலாம். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போட்டுவிட்டே போங்கள். போடாமல் போனால் பிரஷர் ஏறி நிற்கும், டொக்டர் அதைப் பார்த்து அளவைக் கூட்டுவார், வீட்டுக்கு வந்து கூட்டிய அளவைப் போட்டதும் நோயாளி தலைசுற்றி விழுவார். "டொக்டர் தந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று அன்றோடு மருந்து நிற்கும்.

நீர்க் குளிசைக்கு மட்டும் ஒரு விலக்கு கேட்கலாம். கொழும்புக்கு உதயதேவி ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர் அதைப் போட்டுவிட்டு எப்படி இருப்பார்? பயண நாளில் பிந்திப் போடலாமா என்று முன்கூட்டியே டொக்டரைக் கேளுங்கள். நிறையப் பேருக்கு அனுமதி கிடைக்கும்.

குளிசையிட நிறம் மாறிப்போச்சு. வேற மருந்தா தந்திட்டாங்க?

பெரும்பாலும் அதே மருந்து, கம்பனி வேறு. அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவதால் இந்த மாதம் வெள்ளை வட்டம், அடுத்த மாதம் மஞ்சள் நீளம் என்று வரும். வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கும் முறைக்கு இந்த நாட்டில் வழி போட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அதனால்தான் ஏழைக்கும் இதய மருந்து கிடைக்கிறது. நிறத்தைப் பார்க்காமல் உறையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் கொப்பியோடு ஒப்பிடுங்கள்.

இதில் உண்மையான ஆபத்து வேறு. வெளியில் வாங்கிய குளிசை ஒரு பெயரில் இருக்கும், ஆஸ்பத்திரிக் குளிசை இன்னொரு பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போடுவார்கள். புது மருந்து வந்ததும் பழைய உறைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு பார்மசிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாஃபரின் மட்டும் விசேஷம். அதில் நிறம் பலத்தைக் காட்டும்: வழக்கமாக 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. அங்கே நிறம் மாறினால் போடுவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

கிளினிக்கில மருந்து இல்லையாம், வெளிய வாங்கட்டாம். காசு பத்தாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா என்ன?

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் இப்படிப் போட்டு நாளை நீட்டியவர்கள் பலர். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பாதிப் பலன் என்று கணக்குப் பார்க்க ஏலாது. பிசோப்ரோலோல், அடெனோலோல் கூட்டத்தைத் திடீரென்று விட்டால் துடிப்பு ஏறி நெஞ்சு நோவே வரலாம். வாஃபரின் விட்டால் என்ன நடக்கும் என்பதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன், குளோபிடோக்ரெலும் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான்.

ஒரு மாதத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு கிழமைக்கு வாங்கலாம். "இதே மருந்தில விலை குறைஞ்சது தாங்க" என்று கேட்கலாம், அரசாங்க பார்மசியான ஒசுசலவில் விலை விசாரிக்கலாம். எல்லாம் வாங்க முடியாவிட்டால் எதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று கிளினிக்கில் வைத்தே கேளுங்கள். சத்துக் குளிசையை முதலில் வாங்கிவிட்டு இரத்தம் கட்டாத குளிசைக்குக் காசில்லாமல் நின்றவர்கள் என் கவுண்டருக்கு முன்னால் நிறைய. காசில்லை என்று டொக்டரிடம் சொல்வது வெட்கம் இல்லை, அவர் வேறு மருந்துக்கு மாற்றக்கூடும்.

மருந்து போட்டாத்தான் வருத்தம் மாதிரி இரிக்கி. போடாட்டிச் சுகமா இரிக்கி.

பொய் சொல்லவில்லை அவர். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், நெஞ்சுத் தையலோடு இருமுவது பெரிய வேதனை. லொசார்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். கொலஸ்ட்ரோல் குளிசை சிலருக்குத் தசை நோவு தரும், அளவைக் குறைக்கவோ வேறு மாற்றவோ வழி உண்டு. துடிப்பைக் குறைக்கும் குளிசையால் சோர்வு வரும், சிலருக்கு நாளாக ஆகப் பழகும். அஸ்பிரின் வெறுவயிற்றில் எரியும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பினால் தலைசுற்றும், கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

தானாக நிறுத்தினால் டொக்டருக்கு எதுவும் தெரியாமல் போகும். "இதைப் போட்டா இருமுது" என்று ஒரு வசனம் சொன்னாலே போதும்.

வாஃபரின் எண்டுறது எலிப் பாஷாணமாமே? அதையா அம்மாவுக்குக் குடுக்கிற?

எலிக்கு வைத்தது உண்மைதான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. காரணத்தைத் தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பொருளின் வழியில் பிறந்ததுதான் வாஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனாவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதைத்தான் கொடுத்தார்கள்.

எல்லாம் அளவில் இருக்கிறது. அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. மருந்து போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். உலோக வால்வுக்காரருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில், மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) என்றால் 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைத்திருப்பார்கள். பல் முரசில் இரத்தம், மூக்கில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலை அடிபட்டால் வெளியில் காயமே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும்.

அப்ப முருங்கையிலை, வல்லாரை எல்லாத்தையும் விடணுமா?

விட வேண்டாம். இலை வகைகளில் உள்ள விட்டமின் கே வாஃபரினுக்கு எதிராக வேலை செய்கிறது, அது சரி. ஆனால் கிளினிக்கில் அளவைத் தீர்மானிப்பது அவர் வழக்கமாகச் சாப்பிடுவதையும் சேர்த்துத்தான். கிழமையில் மூன்று நாள் முருங்கையிலைச் சுண்டல் என்றால் அதே மூன்று நாளை வைத்திருங்கள். ஒரு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் வல்லாரைச் சம்பல் என்றால்தான் எண் குழம்பும். வாஃபரின் போடாத பைபாஸ்காரருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

முழங்கால் நோவுக்கு ரெண்டு குளிசை வாங்கிப் போடலாமா? ஊர்ப் பரியாரி மருதம்பட்டைக் கசாயமும் தாறார்.

டைக்ளோபெனக், இபுபுரோபன் வேண்டவே வேண்டாம். அஸ்பிரின், வாஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும், நீர்க் குளிசையின் வேலையும் குறையும். பனடோல் போடலாம். நாட்கணக்காக முழு அளவு போட வேண்டி வந்தால் வாஃபரின்காரர் அதையும் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் போன்ற சில அன்டிபயோடிக்குகளும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். எந்த பார்மசிக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் "இவருக்கு நெஞ்சு ஒப்பரேஷன் செய்தது" என்று சொல்லிவிடுங்கள்.

கசாயத்தைப் பற்றி நான் பரியாரியோடு சண்டைக்குப் போக மாட்டேன். அதில் என்ன, எவ்வளவு போகிறது என்று எனக்கும் தெரியாது, கிளினிக் டொக்டருக்கும் தெரியாது. குடிப்பதானால் மறைக்காமல் சொல்லுங்கள். கசாயத்தைத் தொடங்கிக் குளிசையை நிறுத்துவது மட்டும் கூடாது. கறியில் போடும் உள்ளி ஒன்றும் செய்யாது.

வாப்பா நோன்பு புடிக்கணும் எண்டு நிக்கிறார். குளிசையை எப்பிடிக் குடுக்கிற?

ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் கேளுங்கள், தலைப்பிறை கண்ட பிறகு கேட்டால் நேரம் போதாது. ஒருநேரக் குளிசையை நோன்பு திறந்த பிறகோ, விடியுமுன் சாப்பிடும் சஹரிலோ கொடுக்கலாம். இரண்டு நேரக் குளிசைகள் சஹரிலும் திறப்பதிலும் அடங்கும். மூன்று நேரக் குளிசை, நீர்க் குளிசை, சீனி மருந்து மூன்றையும் டொக்டர் மாற்றிக் கொடுக்காமல் நோன்பைத் தொடங்க வேண்டாம். ஒப்பரேஷன் செய்து சில மாதமே ஆனவர், மூச்சு வாங்குபவர், கால் வீங்குபவர் பிடிக்காமல் இருப்பதே நல்லது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. டொக்டர் சொல்வதைவிடப் பள்ளி மௌலவி சொன்னால் சில வாப்பாமார் கேட்பார்கள், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதத்துக்கும் இதே கணக்கு. "தண்ணியும் குடிக்க மாட்டன்" என்று இருப்பவர்கள் குளிசையையும் சேர்த்து விடுவதுதான் தொல்லை. பால் பழத்தோடு போடலாம், விரதம் முறியாது என்று ஐயரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

அப்பா காட்டுப்பாதையால கதிர்காமம் நடக்கப் போறாராம். மறிக்க ஏலா. மருந்து என்ன செய்ற?

உகந்தையில் இருந்து குமண, யால காடுகளுக்குள் நாலைந்து நாள் நடை. ஆடி வெயில், சில இடங்களில் குட்டைத் தண்ணீர், போனும் வேலை செய்யாது. வெட்டிய நெஞ்செலும்பு பொருந்தவே இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஒப்பரேஷன் செய்த வருடம் போகவே கூடாது, இதில் நான் இரங்க மாட்டேன். பிறகும் டொக்டர் சரி என்றால் மட்டும். வியர்த்து, வயிற்றோட்டமும் வந்தால் பியூரோசமைட்டும் லொசார்டனும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எந்த நிலையில் எதை நிறுத்துவது என்று எழுதி வாங்க வேண்டும். குளிசைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைக் கூட வரும் ஆளிடம் கொடுங்கள், ஒரு பை ஆற்றில் நனைந்தாலும் மற்றது இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அப்பா உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, மீதியை மொனராகலைப் பக்கத்தால் பஸ்ஸில் போய் முடித்தார். நடந்தவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து எல்லாரையும் வரவேற்றாராம்.

வயல் வாடியில் யானைக் காவலுக்குத் தங்கப் போகிறவருக்கும் இதே போல. மூன்று நாள் என்று போய்ப் பத்து நாள் நிற்பார்கள். வாடியிலும் ஒரு போத்தலில் குளிசை இருக்கட்டும், கூரைத் தகரத்துக்குக் கீழே சூட்டில் தொங்க விடாமல்.

மாரியில வெள்ளம் வந்து பாதை மூடிட்டா?

2011 ஜனவரி வெள்ளத்தை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் கையில் இரண்டு கிழமை மருந்து மேலதிகமாக இருக்குமாறு பாருங்கள். கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். கொப்பி நனைந்தாலும் அந்தப் படத்தை வைத்து எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கேட்கலாம்.

பல்லுப் புடுங்க வேணும். அஸ்பிரினை நிப்பாட்டவா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அஸ்பிரினோடேயே பிடுங்குவார்கள். வாஃபரின் என்றால் முதலில் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். வால்வு மாற்றியவர் பல் டொக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், வாயில் உள்ள கிருமி இரத்தத்தோடு போய் வால்வில் குடியேறாமல் இருக்க முன்கூட்டியே ஒரு அன்டிபயோடிக் தருவார்கள்.

நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையை எப்ப வைக்கிற?

நெஞ்சு நோ வந்தால் உட்கார வைத்து (நின்றபடி வைத்தால் மயங்கி விழலாம்) ஒன்றை நாக்குக்குக் கீழே வையுங்கள், விழுங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நோன்போ விரதமோ அந்த நேரம் பார்க்க வேண்டாம். இந்தக் குளிசை காற்றிலும் வெளிச்சத்திலும் பலம் இழக்கும், அதனால்தான் நாள் பெட்டிக்குள் வேண்டாம் என்றேன். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும். திறந்த திகதியை ஒட்டுங்கள், எட்டுக் கிழமையில் புதிது வாங்குங்கள்.

ஒருவர் கடை மூடும் நேரம் வரை நின்று மெதுவாகக் கேட்டார், அதனால் இதையும் எழுதுகிறேன். இந்தக் குளிசையோ ஐசோசோர்பைட் குளிசையோ பாவிப்பவர் ஆண்மைக்கான சில்டெனபில், டடலாபில் வகைகளைத் தொடவே கூடாது. பிரஷர் உயிருக்கே ஆபத்தாக விழும். அதைப் போட்ட பிறகு நெஞ்சு நோ வந்தால் ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"வயசு எழுபத்தெட்டு, வாழ்ந்தது போதும், இனி மருந்து வேணாம்" எண்டுறார். என்ன சொல்ற?

உடனே பதில் சொல்லாதீர்கள். நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் பிறகு மனம் சோர்ந்து போவது மிகச் சாதாரணம். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேரப்பிள்ளைகளோடும் பேச்சில்லை என்றால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. மருந்தின் எண்ணிக்கை மலைப்பாக இருந்தால் "எதைக் குறைக்கலாம்?" என்றும் கேட்கலாம். வயதானவருக்கு டொக்டர் பார்த்துச் சிலதை நிறுத்துவது நடக்கிற காரியம்தான்.

படுவான்கரையில் இருந்து ஒரு பேரன் இதே கேள்வியோடு வந்தான். நாலாவது கேள்விக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன்: ஏசாமல் காரணத்தைக் கேள். அடுத்த கிழமை வந்தான். மாதா மாதம் கிளினிக்குக்குத் தாத்தாவைக் கூட்டிப் போவதால் பேரனுக்கு ஒருநாள் கூலி போகிறது, தான் பாரமாகிவிட்டேன் என்று கிழவர் நினைத்திருக்கிறார். கிளினிக்கில் கேட்டதில், பரிசோதனை இல்லாத மாதங்களில் கொப்பியைக் கொண்டுவந்து வேறு யாரும் மருந்து எடுக்கலாம் என்றார்களாம். இப்போது அவர்கள் ஊரில் இருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் வரும் ஓட்டோக்காரர் எடுத்துப் போகிறார். போன மாதம் பேரனைக் கண்டபோது கேட்டேன், தாத்தா குளிசை போடுகிறாரா என்று.

"போடுறார்" என்றான். "ஆனா அந்தப் பெரிய மஞ்சள் குளிசைக்கு மட்டும் தினமும் ஏசிப்போட்டுத்தான் போடுறார்."